ஏழாம் நம்பர் மெஷினுக்கு எந்த சிப்?

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து மேஜையில் மூன்று போர்டுகள், மூன்றிலும் வேறு வேறு சிப். பக்கத்தில் இரண்டு இட்லி காய்ந்து விறைத்துக் கிடக்கின்றன. என் வீட்டுக்காரர் பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, மூணு மாப்பிள்ளைய வரிசையா உக்கார வெச்சிருக்கறயே, எவனுக்குக் காப்பி குடுக்கறதுன்னு தெரியலயாக்கு?" என்றார். சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. தெரியவில்லைதான்.

தரணீதரன் அண்ணனின் நிட்டிங் யூனிட்டில் பன்னிரண்டு மெஷின். பனியன் துணி சுற்றிச் சுற்றி இறங்கும். ஆயிரத்து அறுநூறு சுற்று ஆனதும் மெஷின் நிற்க வேண்டும், ரோலை வெட்டி இறக்குவார்கள், இருபத்தைந்து கிலோ. அந்தச் சுற்றுகளை எண்ணும் பெட்டியைத்தான் கேட்டிருக்கிறார். "ஏழாம் நம்பர்ல மாட்டிப் பாருங்க அம்மிணி. ஆயுத பூஜைக்குள்ள ஒழுங்கா ஓடுச்சுன்னா மீதி பதினொண்ணும் உங்களுக்கேதானுங்க. இல்லீன்னா கோயமுத்தூர்ல ரெடிமேடா வாங்கிக்கறேன்" என்றார். பத்து வருடம் மற்றவர்கள் செய்த போர்டை ரிப்பேர் பார்த்தவள் நான். நானே செய்ததை மாட்ட ஓடுகிற மெஷினைக் கொடுத்த முதல் ஆள் அண்ணன்தான். நன்றாக இருக்கட்டும் மனிதர்.

ஏ.வி.ஆர். சிப் டிப்ளமோ காலத்துப் பழக்கம். எட்டு பிட், ஐந்து வோல்ட், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இ.எஸ்.பி.யில் வைஃபை உள்ளேயே இருக்கிறது, அண்ணன் வீட்டிலிருந்தே போனில் எண்ணைப் பார்க்கலாம். எஸ்.டி.எம்.மில் இல்லாததே இல்லை. கரண்ட் போனாலும் குட்டி பேட்டரியில் ஓடும் கடிகாரம் கூட இருக்கிறது. ஆனால் அதன் கையேடு ஆயிரம் பக்கம், எனக்குப் பழக்கமும் இல்லை.

மனசு இ.எஸ்.பி. பக்கம் சாய்கிறது. போனில் எண் ஓடினால் அண்ணன் குஷியாகிவிடுவார்.

ஜூலை 10, வியாழன்

இ.எஸ்.பி. முடிவு செய்தாயிற்று. இட்லியும் சூடாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

மாட்டிவிட்டேன்! ஏழாம் நம்பரில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர் அந்தோணிராஜ். சாத்தான்குளம் பக்கம், பதினோரு வருடமாக இதே யூனிட். மெஷின் அடியில் நான் தலையை நுழைத்ததும், "எக்கா, இருங்க இருங்க, பஞ்சா கெடக்கு. ஒரு அடி அடிச்சிக்கிடுதேன்" என்று ஏர் ஹோஸை எடுத்து எல்லாப் பஞ்சையும் ஊதித் தள்ளினார். அப்புறம் முக்கால் மணி நேரம் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "நீங்க குனிஞ்சு கெடக்கீங்க, எனக்கு என்ன வலி?" என்றார்.

இரும்பு கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று என்று பெட்டிக்குச் சொல்லும் சென்சார், அதன் ஒயர்தான் படுத்தியது. மேலே கம்பி வலை சுற்றிய தடித்த ஒயர், பெட்டியின் ஓட்டைக்குள் நுழையமாட்டேன் என்றது. வலையை உரித்து எறிந்துவிட்டு உள்ஒயரை மட்டும் நுழைத்தேன்.

முதல் ரோல் தராசில்: இருபத்தைந்து கிலோ நூறு கிராம். என்னைவிட அந்தோணிராஜுக்குத்தான் சந்தோஷம். பக்கத்து மெஷின்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒருவர் அமைவதற்கு நான் என்ன செய்தேனோ.

ஜூலை 29, செவ்வாய்

அண்ணன் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து போனில் எண்ணைப் பார்த்தாராம். நாலு பேரிடம் காட்டினாராம். கடவுளே, நன்றி.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணனிடமிருந்து போன். நேற்று இரண்டு ரோல் இருபத்து மூன்றரை கிலோதான். பாலியஸ்டர் கலந்த நூல் இந்த வாரம்தான் ஓட ஆரம்பித்தது, அதனால் எடை மாறியிருக்குமோ என்றேன். "நூலுக்குத் தக்கன சுத்து எண்ணிக்கைய நான் மாத்திக் குடுத்துட்டனுங்க. நைட் ஷிப்ட்ல சரியாத்தான வருது" என்றார்.

அப்படியென்றால் இல்லாத சுற்றை எண்ணுகிறது. நூறு சுற்று கூடுதலாக. எப்படி?

ஆகஸ்ட் 8, வெள்ளி

இ.எஸ்.பி. மூன்று வோல்ட் சிப். மெஷின் ஓடும் இடத்தில் மோட்டார்களின் மின் இரைச்சல் அதிகம், ஐந்து வோல்ட்டில் ஓடுவது தாக்குப்பிடிக்கும் என்று முடிவு செய்து ஏ.வி.ஆர். போர்டை மாட்டினேன். போனில் எண் வராது என்றதும் அண்ணன் முகம் சுருங்கியது. ஆனாலும் மாட்டச் சொன்னார். இன்னொருவராக இருந்தால் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுபடி குறைந்த ரோல்கள், ஒரே வாரத்தில் ஐந்து. எல்லாம் அந்தோணிராஜ் ஷிப்டில். ரோலுக்கு இவ்வளவு என்று ஆபரேட்டருக்கு இன்சென்டிவ் உண்டு, சின்ன ரோலாக இறங்கினால் எண்ணிக்கை கூடும். அண்ணன் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "முன்னெல்லாம் ஒரு ஆளு சென்சாருக்கு முன்னால ஸ்பேனரக் காட்டிக் காட்டி எண்ணை ஏத்தீட்டிருந்தானுங்க. கையுங் களவுமாப் புடிச்சோம். இவனும் அந்த வேலையத்தான் பண்றானாட்ட இருக்குது. உங்க பொட்டி தப்பா எண்ணுமுங்களா அம்மிணி?"

நான் சொன்னது: "சிப்பையே மாத்தியாச்சுங்கண்ணா."

பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. 'தெரியலீங்கண்ணா' என்று ஒரு வார்த்தை — அது ஏன் வாயில் வரவில்லை? பதினோரு பெட்டி. அதுதான். வேறென்ன?

ஆகஸ்ட் 18, திங்கள்

எஸ்.டி.எம். போர்டுடன் போனேன். நாலு நாளாக அந்த ஆயிரம் பக்கத்தோடு மல்லுக்கட்டி, புள்ளைகளின் பாடப் புத்தகம் மாதிரி மஞ்சள் கோடு போட்டுப் படித்தேன். இவர்தான் நாலு நாளும் சோறாக்கிப் போட்டார். ரசத்தில் உப்பு தூக்கல். ஆனாலும் சாமி, நல்லா இருங்க.

ஏழாம் நம்பரில் அந்தோணிராஜ் இல்லை. சிவராஜ் என்று வேறொருவர் நிற்கிறார். காலையில் ஷிப்ட் மாறும்போது எல்லோர் முன்னாலும் அண்ணன், ஸ்பேனரைக் காட்டி எண்ணை ஏற்றினாயா என்று அந்தோணிராஜைக் கேட்டிருக்கிறார். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

போர்டை மாட்டினேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒன்பது நாள். எல்லா ரோலும் இருபத்தைந்து கிலோ. அண்ணன் மீதி பதினொன்றுக்கும் ஆர்டர் சொல்லிவிட்டார்! இனிப்பு வாங்கி வந்தேன். எஸ்.டி.எம். ஜெயித்தது என்று இந்த நோட்டில் பெரிதாக எழுத நினைத்தேன்.

ஆளை மாற்றியதால் சரியாயிற்று என்கிறார் அவர். சிப்பை மாற்றியதால் என்கிறேன் நான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் என்று எப்படிச் சொல்வது? ரிப்பேர் பெஞ்சில் பத்து வருடமாக நானே சொல்லும் பாடம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

இவர் பஸ்ஸில் அந்தோணிராஜைப் பார்த்தாராம். பல்லடத்தில் ஒரு தறிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறாராம். "டிக்கெட் குடுக்கறப்ப உன்னையத்தான் கேட்டாரு. 'அக்கா பொட்டி இப்ப நல்லா ஓடுதா?'ன்னு" என்றார்.

இனிப்பு இறங்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினொரு பெட்டிக்கு அளவெடுக்க யூனிட்டுக்குப் போனேன். ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் போனதும் தும்மல். மேலே நூல்கண்டுகள் நிற்கும் கோன் ஸ்டாண்டில், கம்பியில், என் பெட்டியின் தலையில், எங்கே பார்த்தாலும் பஞ்சு. தலையணை அடைக்கலாம்.

"ஏனுங்க, ஏர் அடிக்கறதில்லீங்களா?" என்று சிவராஜைக் கேட்டேன்.

"ரோல எறக்கினதும் ஒரு வாட்டி அடிப்பமுங்க. அப்பறம் எண்ணைப் பூஜ்ஜியம் பண்ணிட்டு அடுத்த ரோல ஓட்டறதுதானுங்க. அந்தோணிதான் ரோல் பாதி ஓடறப்ப மெஷின நிறுத்தி நிறுத்தி அடிச்சிட்டிருப்பாப்ல. துணிக்குள்ள பஞ்சு உழுந்துருமுன்னு" என்றார்.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். பெட்டியில் எண் 412. நானே ஏர் ஹோஸை எடுத்து நூல் மேலே அடித்தேன். பாலியஸ்டர் பஞ்சு பறந்தது, கை மயிர் குத்திட்டு நின்றது, கம்பியைத் தொட்டதும் சுள்ளென்று ஒரு ஷாக். பெட்டியைப் பார்த்தேன்.

419. 426. 431.

நின்றுபோன மெஷின். சுற்றாத மெஷின். எண் மட்டும் ஏறுகிறது. எஸ்.டி.எம். போர்டில்!

காற்றடித்தால் பாலியஸ்டரில் மின்சாரம் தேங்கும். அது வெடிக்கிற ஒவ்வொரு முறையும் சென்சார் ஒயரில் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைத் தடுக்கத்தான் ஒயரின் மேல் வலை. நுழையவில்லை என்று நான் உரித்து எறிந்த அதே வலை. பருத்தி நூல் ஓடினவரை இந்த வம்பு இல்லை. மற்றவர்கள் அடித்தது பூஜ்ஜியம் பண்ணியதும் அழிந்துபோயிற்று. ரோலின் நடுவில் அடித்தது ஒரே ஒருவர். எல்லோரையும்விடச் சுத்தமாக மெஷினை வைத்திருந்தவர். அவருக்குத்தான் திருட்டுப் பட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. மெஷின் ஒரு சுற்று சுற்ற இரண்டரை வினாடி ஆகிறது. அதற்குள் வரும் அடுத்த எண்ணை ஏற்காதே, மோட்டார் நின்றிருந்தால் எதையுமே ஏற்காதே — நாலு வரி. நாலே வரி! மூணு சிப்பை மாத்தினனே, அந்த நாலு வரிய எழுதினனா நான்? ஒரு சிப்பு மேலயும் தப்பில்ல. என்ற மேலதான். என்ற ரிப்பேர் கடைல ஏர் ஹோஸ் இல்ல, பஞ்சு இல்ல, அங்க உக்காந்து டெஸ்ட் பண்ணிப்போட்டு ஆச்சுன்னு கொண்டாந்து மாட்டிட்டேன். அந்த மனுசன் எனக்கு டார்ச் புடிச்சாரு.

செப்டம்பர் 3, புதன்

சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் நாலு வரியை எழுதி, வலை ஒயரை மாட்டிவிட்டால் முடிந்தது. இப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இவரிடம் சொன்னேன். ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வா, நானும் வாறேன். ஒரு டிரிப்புக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். எத்தனை ஜென்மத்துக்கு நன்றி சொல்வது இந்த ஆளுக்கு.

அண்ணனை ஏழாம் நம்பருக்குக் கூட்டிப்போய் அவர் கையிலேயே ஹோஸைக் கொடுத்தேன். அடித்தார். எண் ஏறியது. மறுபடி அடித்தார். மறுபடி ஏறியது. ஹோஸைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு எம் மேலதானுங்கண்ணா. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே தெரியலீன்னு சொல்லீருக்கோணும்" என்றேன்.

"எட்டுப் பேரு முன்னால கேட்டுப்போட்டனே அம்மிணி அந்த மனுசன" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். ஆர்டர் என்னவாயிற்று என்று இவர்தான் மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் நிறுத்தி வெய்யுங்க. மொதல்ல அவரக் கூட்டியாங்க. பொட்டிய அப்பறம் பாத்துக்கலாம்."

செப்டம்பர் 7, ஞாயிறு

பல்லடத்தில் அந்தோணிராஜ் வீடு. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அவர் மனைவி விஜயராணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வலை ஒயர், நாலு வரி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, ஒன்று விடாமல்.

"இவ்வளவு நாளா எங்க போனீங்க?" என்றார் விஜயராணி. "பதினோரு வருசம். ஒரு நூல்கண்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. என் கம்பெனியில என்ட்ட கேக்காளுவ, ஒங்க வீட்டுக்காரரு ஸ்பேனர் காட்டுனாராமேன்னு. நானே ஒரு நாள் இவர்ட்ட கேட்டுட்டேன், நெசந்தானான்னு. என் வாயாலயே கேட்டேன்."

அந்தோணிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அப்போ ஏர் அடிச்சதுதான் தப்பாக்கா?" என்றார்.

அழுதுவிட்டேன். இல்லை, நீங்க அடிச்சதுதான் சரி, மத்தவங்க ரோல் நடுவுல அடிக்காததால்தான் என் தப்பு மறைஞ்சுது என்றேன். விஜயராணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதுவும் கோபமாகத்தான். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வர இரண்டு விஷயம் கேட்டார் அந்தோணிராஜ். ஒன்று, எட்டுப் பேர் முன்னால் கேட்டதை எட்டுப் பேர் முன்னால் முதலாளி திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று என்னிடம். "எண்ணு எத்தன மணிக்கு ஏறிச்சு, மெஷின் ஓடும்போதா நிக்கும்போதான்னு பொட்டியே சொல்லுமாக்கா? சொல்லிச்சுன்னா நாளப்பின்ன இன்னொருத்தன் வந்து நான் அடிக்கல, நான் காட்டலன்னு சத்தியம் பண்ணிக்கிட்டு நிக்க வேண்டாம்லா."

செப்டம்பர் 12, வெள்ளி

நாலு வரியை மூன்று போர்டிலும் எழுதினேன். ஓட்டையைப் பெரிதாக்கி, வலையோடு ஒயரை நுழைத்து, வலையை எர்த்தில் கட்டினேன். பக்கத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரசரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கினேன் (பஞ்சர் கடை அண்ணன், உங்களுக்கும் நன்றி, என்ன ஏது என்று கேட்காமல் குழாயை நீட்டியதற்கு). என் பாலியஸ்டர் புடவை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மேல் காற்றை அடி அடியென்று அடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ஏ.வி.ஆர். அசையவில்லை. இ.எஸ்.பி. அசையவில்லை. எஸ்.டி.எம். அசையவில்லை. மூன்றுமே தங்கம்.

அப்படியென்றால் எது? எது வேகம், எது எனக்குப் பழக்கம், எது முதலாளிக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாள் பார்த்தேன். மெஷின் முன்னால் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. அவர் கேட்டது மணி. பவர் கட் ஆனாலும் நிற்காத மணி. மற்ற இரண்டிலும் அதற்குத் தனியாக ஒரு கடிகாரச் சிப்பை ஒட்ட வேண்டும். எஸ்.டி.எம்.மில் உள்ளேயே இருக்கிறது, ஒரு பட்டன் பேட்டரி போதும். போன் வசதி வேண்டுமென்றால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணனிடம் சொன்னேன். "மணி இருக்கட்டுமுங்க, போனு கெடக்குது" என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஷிப்ட் மாறும்போது நானும் இருந்தேன். அண்ணன் எட்டுப் பேரையும் நிற்க வைத்து, "நாந்தான் தப்பாக் கேட்டுப்போட்டேன். அந்தோணி மேல ஒரு தப்புமில்ல" என்றார். அந்தோணிராஜ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேரே போய் ஏழாம் நம்பரில் ஏர் ஹோஸை எடுத்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. மூன்று மணிக்கு எல்லா மெஷினையும் நிறுத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு மெஷினுக்கும் ஒரே நேரத்தில் ஏர் அடித்தால் எப்படி இருக்கும்! யூனிட்டுக்குள் ஆளுக்கு ஆள் தெரியவில்லை, எல்லோர் தலையும் நரைத்துவிட்டது.

சிவராஜ் ஏழாம் நம்பர் ரோலை இறக்கப் போனார். "எறக்காதீங்க, பாதியிலயே நிக்கட்டும்" என்று தடுத்தார் அந்தோணிராஜ். எண் 806. மேலே கோன் ஸ்டாண்டில் ஆரம்பித்து, கம்பி கம்பியாக இறங்கி, கடைசியில் ஹோஸை நேரே என் பெட்டிக்கே திருப்பினார். "பயமாருக்கா அக்கா?" என்று கத்தினார். "பயமாத்தானுங்க இருக்குது!" என்று நானும் கத்தினேன். எனக்குப் பின்னால் அண்ணன், இவர், சிவராஜ், எல்லோரும். பத்து நிமிஷம் அடித்தார். நிறுத்திவிட்டுச் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

806.

யாரோ விசிலடித்தார்கள். யாரென்று பார்த்தால் என் வீட்டுக்காரர். பஸ்ஸில் அடிக்கிற அதே விசில்.

லேப்டாப்பை இணைத்துப் பெட்டிக்குள் இருந்த பதிவை எடுத்தேன். 3.41, 3.44, 3.44, 3.47, 3.50. ஐந்து தடவை துள்ளல் வந்திருக்கிறது; ஐந்துக்கும் எதிரே 'மெஷின் நின்றிருந்தது, ஏற்கவில்லை' என்று இருக்கிறது. அந்தோணிராஜ் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இத ஒரு தாள்ல எடுத்துத் தருவீங்களாக்கா? விஜயராணிட்ட காட்டணும்."

அந்தப் பொல்லாத ஆகஸ்ட் மாதத்துக்கு இந்தப் பெட்டியில் பதிவு இல்லை. அதைக் கேட்டு அவர் என்னைச் சங்கடப்படுத்தவும் இல்லை. ஏர் அடித்தால் என்ன ஆகும், எத்தனை மணிக்கு ஆகும் என்று ஒரு தாள். அவ்வளவுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிரிண்ட் எடுத்தேன். அடியில் கையெழுத்துப் போட்டு, செப்டம்பர் இரண்டாம் தேதி நானே அடித்தபோது நின்ற மெஷினில் 412 என்பது 431 ஆனதையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டாயிற்று. நாளை பூஜைக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். அண்ணன் ஆர்டரை மறுபடி சொல்லிவிட்டார், பதினொரு பெட்டிக்கு ஓட்டை போடுகிற வேலையை வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம்.